ரெண்டு ரிமோட்டும் நல்லாத்தான் இருக்குது

வாங்க தம்பி, வாங்க. செருப்ப உள்ளயே விடுங்க, வெளிய விட்டா நாய் கவ்வீட்டுப் போயிரும். போன்ல பேசுனது நீங்கதானுங்களே? உக்காருங்க. அந்த பனியன் கட்டைத் தள்ளி வெச்சுட்டு உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. செக்கிங் ஆகாத பீசு. எங்கூட்டுக்காரி உள்ரூம்புல அதத்தான் பாத்துட்டு இருக்கறா. சரசூ! பொட்டி வாங்கறவரு வந்துட்டாரு, ஒரு காப்பி வெய்யி.

இதா, இதுதான் டிவியில மாட்டி வீடியோ கேம் ஆடற பொட்டி. ரெண்டு ரிமோட்டு. ஒயரெல்லாம் இந்தப் பையில கெடக்குது. ஆட்டம் உள்ளயே ஏத்தி இருக்குது. எவனாச்சும் வந்து இந்தக் கருமத்தத் தூக்கீட்டுப் போக மாட்டானான்னு காலையிலருந்து வாசலையே பாத்துட்டு இருக்கறனுங்க.

விக்கறவன் பொருளப் பத்தி நல்லதாத்தான் பேசோணும். எனக்கு அது வராது. உள்ளத உள்ளபடி சொல்லிப்போடறேன், அப்பறம் வந்து என்னையக் கேக்கக் கூடாது. பொட்டியில ஒரு குத்தமும் இல்ல. சூடாகாது, சத்தம் வராது. ஆனா இந்தக் கோட்டை ஆட்டம் இருக்குது பாருங்க, சீ! அதோட இங்கிலீசுப் பேரு வாயில நொழையாது, நாங்க கோட்டை ஆட்டம்னுதான் சொல்றது. நெனச்சாலே கொமட்டுது. சோத்துல முடி கெடந்தா எப்பிடி இருக்கும், அப்பிடி.

நீங்க யாருகூட ஆடறதுக்கு வாங்கறீங்க? அட, புதுசாக் கல்யாணம் ஆனவருங்களா. வூட்டுக்காரம்மாகூட ஒட்டுக்கா உக்காந்து ஆடறதுக்கா. அப்ப நல்லாக் கேட்டுக்கங்க. உங்களுக்குத்தான் நான் முக்கியமாச் சொல்லோணும்.

நல்லத மொதல்ல சொல்லீர்றேன், பொய் பேசக் கூடாது. படம் பிரமாதமுங்க. கோட்டைக்குள்ள மழை பெய்யும் பாருங்க, மொத நாளு அதப் பாத்துட்டு சரசு எந்திரிச்சு மொட்டை மாடியில காயற துணிய எடுக்க ஓடிப் போயிட்டா. வெளிய சுள்ளுன்னு வெயிலு! அன்னிக்கு நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்குதே, வயிறு புடிச்சுக்கிச்சு. அப்பறம் கோடாலிய ஓங்கி அடிச்சா ரிமோட்டு கையில அதிரும். பேயிக ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு. சுணக்கமே இருக்காது. குறையே சொல்ல முடியாது அதுல. ரெண்டு பேரும் ஒரே திரையில ஆடலாம். அங்க ஒருத்தர் இங்க ஒருத்தர்னு கட்டம் கட்டிப் பிரிக்க மாட்டான். அது நல்லதுன்னுதான் நானும் நெனச்சேன். ஏமாந்தேன்.

நாங்க எப்பிடி இதுக்குள்ள போயி உழுந்தம்னு கேளுங்க. நான் பவர் டேபிள் டெய்லருங்க. நாச்சிமுத்துன்னா இந்த வீதியில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. சரசு எனக்குக் கைமடியா இருந்தவ. கைமடின்னா தெரியாதுங்களா? திருப்பூருக்குப் புதுசா? பேங்க் வேலை, சரி சரி. மெசின்ல உக்காந்து ஓட்டறவன் டெய்லரு. பக்கத்துல நின்னு துணிய மடிச்சு எடுத்துக் குடுக்கறது, தெச்சு வர்றத வாங்கி அடுக்கறது கைமடி. நான் திரும்பியே பாக்க மாட்டேன். கைய நீட்டுனா கையில பீசு இருக்கும். அப்பிடி ஓடும் எங்களுக்கு. அந்தக் கைக்காகத்தான் அவளக் கட்டுனேன். இப்ப சொந்தமா வூட்டு மேலயே மெசின் போட்டு வேலை எடுத்துச் செய்யறோம்.

போன மழைக்காலத்துல ஆர்டரே இல்லாமப் போச்சு. ஊரே சும்மா உக்காந்துச்சு. மெசினுக்கெல்லாம் துணியப் போத்திப் போட்டு, நானும் அவளும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டுக் கெடந்தோம். அப்பத்தான் பக்கத்துக் கம்பெனியில இருந்த டிசைனருப் பையன் ஊரக் காலி பண்றப்ப இதக் குடுத்துட்டுப் போனான். நான் எனக்குன்னுதான் வாங்குனேன். ஆனா தொறந்தா ரெண்டு பேரு ஆடற ஆட்டம்ங்குது. சரி வா அம்மிணி, நீயும் உக்காருன்னேன். அவளுக்கு அவ்வளவு சந்தோசம். இத்தன வருசத்துல ஒரே எடத்துல ஒட்டுக்கா உக்காந்ததே இல்லைங்களே. நான் உக்காந்திருப்பேன், அவ நின்னுட்டு இருப்பா. தொழிலு அப்பிடி.

ஆட்டத்துல ரெண்டு ஆளு. ஒருத்தன் பெரியாளு, கோடாலிக்காரன். இன்னொருத்தி மணிக்காரி. ஒல்லியா இருப்பா, கையில ஒரு மணி. அத அடிச்சா பேயிக தடுமாறும், நம்ம காயமும் ஆறும். அவ்வளவுதான் அவ வேலை. யாரு எதுன்னு நாங்க பேசிக்கவே இல்ல. நான் பெரியாள எடுத்தேன், அவ மணிய எடுத்தா. அதுல என்ன பேச்சு வேண்டிக் கெடக்குது?

இப்ப அசிங்கத்துக்கு வாறேன். ஒரே திரைன்னு சொன்னேன்ல? நான் கொஞ்சம் முன்னால எட்டு வெச்சா அவளத் தரதரன்னு இழுத்துட்டு வரும். முள்ளுலயும் பள்ளத்துலயும் அவ உழுவா. "கொஞ்சம் நில்லுங்க, கொஞ்சம் நில்லுங்க"ம்பா. நான் நிக்கலாம் தம்பி, பேயி நிக்குமா? இப்பிடி ஒருத்தர் கால இன்னொருத்தர் காலோட கட்டி விட்டவன் மனுசனா? மூளை இருக்கற எவனாச்சும் இதச் செய்வானா?

பொதையல் பொட்டி வரும். யாரு மொதல்ல தொடறாங்களோ அவங்களுக்கு. ஒருக்கா வெள்ளி மணி ஒண்ணு வந்துச்சு. அது பெரியாளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லாதது. ஆனா தொட்டது நானாச்சே. அத வித்துப் போட்டுக் கோடாலிக்குச் சாணை புடிச்சேன். ஆட்டம் ஜெயிக்கோணும்னுதான? அவ மூஞ்சி ஒரு மாதிரிப் போயிருச்சு. கடைசி வரைக்கும் அந்தப் பழைய பித்தளை மணியவே டொக்கு டொக்குன்னு அடிச்சுட்டு வந்தா. இது ஆட்டக்காரன் பண்ணுன கோளாறுங்க. ஆளுக்கு இன்னதுன்னு அவனே பிரிச்சு வெச்சிருந்தா வூட்டுக்குள்ள எதுக்குங்க இந்த மூஞ்சி தூக்கறதெல்லாம்?

அடுத்தது இன்னும் கேவலம். ஒருத்தர் அடிபட்டு உழுந்துட்டா இன்னொருத்தர் திரும்பி வந்து, பக்கத்துல மண்டி போட்டு, பொத்தான அமுக்கிட்டே இருக்கோணுமாமா. அப்ப நம்ம உசுருல பாதி அவங்களுக்குப் போயிருமாமா. தூ! யோசிச்சுப் பாருங்க. நல்லா நிக்கறவன் உசுரயும் பாதியாக்கிட்டா ரெண்டு நோஞ்சானு ஆச்சு. இது ஒரு சட்டமா? நான் ரோசனை பண்ணித்தான் சொல்லுவேன், "நீ அங்கயே கெட அம்மிணி, நான் பாத்துக்கறேன்"னு. நான் ஒத்தையிலயே எல்லாத்தையும் அடிச்சு அடுத்த வாசலத் தொட்டுட்டா அவ தானா எந்திரிச்சுக்குவா. அப்பிடி ஒரு வழி இருக்குது. அதுவரைக்கும் அவ ரிமோட்ட மடியில வெச்சுட்டு நான் ஆடறதப் பாத்துட்டு இருப்பா. பாக்கறதும் ஒரு பொழுதுபோக்குத்தானுங்களே. சில நேரம் வெங்காயம் உரிச்சுட்டே பாப்பா, அந்த வேலையும் முடிஞ்சாப்பல ஆச்சு.

என்னுங்க? நான் உழுந்தா யாரு எழுப்பறதா? அவதான். அவ எங்க இருந்தாலும் ஓடி வந்துருவா, அதுல குத்தம் சொல்லக் கூடாது. ஆனா அது வேற, இது வேறங்க. நான் எந்திரிச்சாத்தான ஆட்டமே நடக்கும்.

இத்தனையும் நான் பாடுபட்டுக் கட்டத்த முடிச்சா, என்ன பண்ணுவாங்கறீங்க? ரெண்டு பேருத்துக்கும் சமமா நட்சத்திரம் போடுவான்! ஒரு பொட்டு எச்சுக் கொறையாது. நானும் உத்து உத்துப் பாத்துட்டேன். டெய்லருக்கும் கைமடிக்கும் ஒரே கூலி குடுத்த கம்பெனிய எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? அவ என்னடான்னா அந்த நட்சத்திரத்தப் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்குவா.

இருந்தாலும் ஆடுனோம். தெனம் மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் இந்த சோபாவுல உக்காந்தம்னா பொழுது எறங்கறது தெரியாது. அவ முறுக்கக் கொண்டாந்து நடுவுல வெப்பா. ஆர்டர் இல்லாத கவலையே மறந்து போச்சு. அதச் சொல்லோணும்.

கடைசிக் கட்டத்துல வந்து மாட்டுனோம். கண்ணே தெரியாத ஒரு ராட்சசி, குகைக்குள்ள. மணி அடிச்சாத்தான் அவ எங்க இருக்கறான்னு நமக்குத் தெரியும். பாதி சண்டையில என்ன பண்றான்னா, பெரியாளோட கோடாலி ஒடஞ்சு போயிருது. அப்ப மணிக்காரி மணியப் பெரியாளுகிட்டக் குடுத்துப்போட்டு, இடுப்புல இருக்கற கத்திய உருவீட்டு அவ போயி அடிக்கோணும். பெரியாளு பின்னால நின்னு மணி அடிக்கோணும். அது எப்பிடி இருக்குது? நான் இத்தன தூரம் வெட்டி வந்ததெல்லாம் கடைசியில நின்னு மணியாட்டறதுக்கா? நான் என்ன பூசாரியா? எனக்கு ரத்தம் கொதிச்சுது.

"ஒரே ஒருக்கா மணிய வாங்கிக்கங்க, நான் போயி குத்தீட்டு வந்தர்றேன்"ன்னா. நான் வாங்கல. வெறுங்கையிலயே குத்திப் பாத்தேன். செத்தேன். திருப்பிக் குத்துனேன், திருப்பியும் செத்தேன். ஆடி ஆடிக் கை வீங்கிப் போச்சு. அவ மணிய நீட்டிட்டே நிப்பா, திரையில. நான் பாக்காத மாதிரி ஓடிருவேன். கொள்கைன்னு ஒண்ணு இருக்குதுல்லங்க.

அதுக்குள்ள ஆர்டரு வந்துருச்சு. மெசின் ஓட ஆரம்பிச்சுது. ஆட்டத்த அப்பிடியே நிறுத்தி வெச்சோம், பொங்கலுக்கு லீவு வரும், ஒட்டுக்கா உக்காந்து முடிக்கலாம்னு. அவதான் சொன்னா, "முடிச்சா ஒட்டுக்காத்தான் முடிக்கோணும்"னு. சொன்னது அவ. ஞாபகம் வெச்சுக்கங்க.

ஒரு நாளு கம்பெனிக்கு மால் குடுத்துட்டு வர்றேன். வூட்டு வாசல்ல வர்றப்பவே சிரிப்புச் சத்தம். யாரோ ஒறம்பரை வந்திருக்காங்கன்னு நெனச்சுட்டு உள்ள வந்தா, இதா, நீங்க உக்காந்திருக்கற எடத்துல சரசு காலத் தூக்கி மேல வெச்சு உக்காந்திருக்கறா. காதுல மாட்டற மைக்கு. டிவியில கோட்டை. "அக்கா, புடிங்க மணிய! நான் போறேன், நான் போறேன்!"ங்கறா. எந்த அக்காடா இதுன்னு பாத்தா, மலேசியாவுல ஈப்போன்னு ஒரு ஊராமா, அங்க நர்சு வேலை பாக்கற பொம்பளையாமா. நம்ம தமிழ்தான். நெட்டு வழியா வந்து இவகூட ஒட்டிக்கிட்டா. முன்ன பின்ன பாக்காதவ! என்ற பெரியாளுக்குள்ள பூந்துட்டு நிக்கறா!

இதுதான் தம்பி இந்த ஆட்டத்துலயே பெரிய அசிங்கம். கதவே கெடையாது. எந்த ஊருக்காரி வேணா எந்த வூட்டுக்குள்ள வேணா வந்து ஆடலாம். வூட்டுக்காரன் வேணும்னு ஒரு இது இல்ல. அந்தப் பொம்பளை மணிய வாங்குனா பாருங்க, ஒரு மறுப்புச் சொல்லல. வாங்கி நின்னு அடிச்சா. சரசு கத்திய எடுத்துட்டுப் போனா. நான் மால் மூட்டையோட நின்னு பாத்துட்டே இருந்தேன். ரெண்டு தடவ உழுந்தா. ரெண்டு தடவையும் அந்த ஈப்போக்காரி ஓடி வந்து மண்டி போட்டு எழுப்புனா. ராட்சசி உழுந்துட்டா. கோட்டைக் கதவு தொறந்து வெயிலு வந்துச்சு. அந்த வெயில நானா ஆடி இன்னும் பாக்கல தம்பி. அன்னிக்கு நின்ன வாக்குலதான் பாத்தேன்.

"முடிச்சுட்டமுங்க!"ன்னு என்னையப் பாத்து அவ்வளவு சந்தோசமாச் சொன்னா. அந்த சந்தோசந்தான் எனக்கு அருவருப்பா இருந்துச்சு. போயி ஒயர உருவிப் போட்டேன். அந்தப் பொம்பளை ஏதோ பேசிட்டு இருந்துச்சு, பாதியில நின்னுருச்சு. சரசு கால எறக்கி எந்திரிச்சா. மைக்கக் கழட்டி வெச்சா, மூட்டைய வாங்கி எறக்குனா, போயி அரிசி களைஞ்சா.

அதுலருந்து இந்த சோபாவுல அவ உக்காரவே இல்லைங்க. சோறு போடறா. பீசு பாக்கறா. கேட்டதுக்குப் பதில் சொல்றா. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா பக்கத்துல வந்து உக்கார மாட்டீங்கறா. நானும் ஆட்டத்தப் போட்டு சத்தத்த எச்சா வெச்சுப் பாத்துட்டேன். முறுக்குக் கூட நானே கடையில வாங்கியாந்து வெச்சுப் பாத்தேன். பொங்கலு வந்துச்சு. "வா அம்மிணி, கடைசிக் கட்டம் போலாம்"னேன். "நான் அதப் பாத்துட்டனுங்க"ன்னுட்டுக் கோலப் பொடிய எடுத்துட்டுப் போயிட்டா.

ஒத்தையில ஆடலாந்தான். ஆடுனா மணிக்காரிய அதுவே நடத்தும். பொம்மையாட்டம் பின்னாலயே வரும், மணியும் அடிக்கும். ஆனா மழை பெஞ்சா துணியெடுக்க எந்திரிச்சு ஓடாது. என்ன எழவுக்கு அத ஆடறது?

அதான் விக்கறேன்னு போன்ல போட்டேன். போடறதுக்கு முன்ன அவகிட்ட ரெண்டு மூணு தடவ சத்தமாச் சொன்னேன், விக்கப் போறேன், விக்கப் போறேன்னு. வேண்டாம்பான்னு பாத்தேன். "வித்துருங்க"ன்னா. அவ்வளவுதான் பேச்சு.

சரி, சித்தெ இருங்க, ஒயர மாட்டி ஓட்டிக் காட்டறேன். பாக்காம வாங்கக் கூடாது. இந்த ரிமோட்ட நீங்க புடிங்க. அட, உங்க கையில பெரியாளு வந்துட்டானுங்க. ரிமோட்டு மாறிப் போச்சாட்ட இருக்குது. மாத்தறதுன்னா திரும்பி மொதல்லருந்து வரோணும். உடுங்க, பரவால்ல, டெஸ்டுதான. நான் மணிக்காரியா இருந்துக்கறேன்.

நடங்க. ஆங், அப்பிடித்தான். அடிங்க. கெட்டிக்காரருங்க நீங்க! மெதுவா. மெதுவாப் போங்க தம்பி, நான் பின்னால இருக்கறேன். ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க, என்னைய இழுக்குது. முள்ளு, முள்ளு! நில்லுங்கன்னா நிக்க மாட்டீங்களா? அந்தப் பொட்டியத் தொடாதீங்க, அது மணிக்காரிக்கு வேண்டியது, உங்களுக்கு எதுக்கு? எடுத்துட்டீங்களா. என்ன மனுசனுங்க நீங்க. பின்னால ரெண்டு பேயி வருது, திரும்புங்க. என்னையத்தான் அடிக்குது. நானும் மணியடிச்சுட்டேதான் இருக்கறேன், திரும்பிப் பாருங்க தம்பி!

உழுந்துட்டேன். வாங்க. பக்கத்துல வந்து மண்டி போட்டு அந்த வட்டப் பொத்தான அமுக்குங்க. பாதி உசுருதான போகும், குடுத்தா என்ன கொறஞ்சா போயிருவீங்க? வாங்கன்னா. அக்கட்டால எங்க போறீங்க?

என்ன சொன்னீங்க?

"நீங்க அங்கயே இருங்கண்ணா, நான் பாத்துக்கறேன்"னா?

இருங்க. சத்தம் கேட்டுச்சுங்களா? உள்ரூம்புல. சரசு சிரிக்கறா. அட, பொங்கலுக்குக் கூடச் சிரிக்காதவ தம்பி. இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குது? ஒரு மனுசன் கீழ கெடக்கறான், தூக்க ஆளில்ல, அது சிரிப்பா?

வா அம்மிணி. காப்பிய இப்பிடி வெய்யி. பாத்தியா இந்தத் தம்பி பண்ற வேலைய? கல்யாணமான புதுசு வேற. அந்தப் புள்ளைய நெனச்சாத்தான் பாவமா இருக்குது. என்ன? ரிமோட்டா? குடுங்க தம்பி, அவ கேக்கறா. உக்காரு அம்மிணி. சரி, நின்னுட்டே ஆடு.

பாத்துக்கங்க தம்பி. எப்பிடித் திரும்பறா பாருங்க. பேயி குறுக்க நிக்குது, அடிக்காம ஒதுங்கி வாறா. பெரியாளு இவ்வளவு மெதுவா நடப்பான்னே எனக்குத் தெரியாது. அந்தா, வந்துட்டா. மண்டி போட்டுட்டா. அவ உசுரு எறங்குது பாருங்க, என்னுது ஏறுது. போதும் அம்மிணி, கொஞ்சம் எனக்குப் பத்தும், உனக்கு வெச்சுக்க. உட மாட்டீங்கறா.

எந்திரிச்சுட்டேன்.

"ரெண்டு ரிமோட்டும் நல்லாத்தான் இருக்குதுங்க. காப்பி ஆறிப்போயிரும், குடிச்சுட்டு எடுத்துட்டுப் போங்க." கேட்டீங்கல்ல? அவ்வளவுதான். உங்ககிட்டச் சொல்லிப்போட்டு உள்ள போயிட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல.

குடிங்க, காப்பியக் குடிங்க. இருங்க, ஒயர உருவாதீங்க. என்ன அவசரம்? பணத்த உள்ள வெய்யிங்க மொதல்ல. இத்தன தூரம் வந்துட்டு மொதக் கட்டத்த மட்டும் பாத்து வாங்கீட்டுப் போனா எப்பிடி? கடைசிக் கட்டம் ஓடுதா இல்லையான்னு பாக்க வேண்டாமா? நாளைக்கு ஓடலைன்னு வந்து நின்னா நான் என்ன பண்ண முடியும்? நீங்க பேசாம அந்த நாற்காலிக்கு மாறி உக்காருங்க. சோபாவுல எடம் வேணும்.

சரசூ! இவருக்குத் திருப்தி இல்லியாமா. கடைசிக் கட்டம் பாக்கோணுமாமா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், மனுசன் கேக்க மாட்டீங்கறாரு. பீச அப்பறம் பாத்துக்கலாம், ஒருக்கா வந்து உக்காந்துட்டுப் போ. பெரியாள நீயே வெச்சுக்க.

மணி எங்கிட்டயே இருக்கட்டும்.